சராசரிக் கணக்கில் காணாமல் போகும் தூக்கம்

2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு ஆளெடுக்க ரயில்வே அறிவிப்பு வெளியிட்டபோது அதில் இருந்த இடங்கள் 5,696. அதே ஆண்டு ஜூனில் அது 18,799 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்து மாதத்தில் நாட்டில் ஓடும் ரயில்கள் மும்மடங்காகிவிடவில்லை. இடையில் ஒரு விபத்து நடந்தது. ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் நியூ ஜல்பைகுரிக்குப் பக்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. அடுத்த சில மணி நேரத்திலேயே, சரக்கு ரயிலின் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டது. அவர் அந்த விபத்திலேயே இறந்துபோயிருந்ததால் மறுத்துப் பேச ஆளில்லை. பின்னர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தபோது வேறு கதை வெளிவந்தது. தானியங்கி சிக்னல் பழுதாகிக் கிடந்த தடத்தில் ரயில்களை அனுப்பக் கொடுத்த அனுமதிச் சீட்டே தவறானது. அந்த நிலையில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்ற தெளிவு அன்று அந்தத் தடத்தில் போன மற்ற ஓட்டுநர்களுக்கும் இல்லை. போதிய பயிற்சி தரப்படவில்லை. அந்த விபத்துக்குக் களைப்புதான் காரணம் என்று நான் வாதாட வரவில்லை. எடுத்த எடுப்பில் பழி யார்மேல் விழுந்தது, சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டது எது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பழி ஒரு தனிமனிதர்மேல் விழுந்தது. சரிசெய்யப்பட்டது ஆள் பற்றாக்குறை.

ரயில்வே ஊழியர்களின் உழைப்பைப் பற்றிய விவாதம் நம் ஊரில் பெரும்பாலும் சம்பளம், போனஸ், ஓய்வூதியம், இலவச பாஸ் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பயணியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது அவர்களுடைய வேலை நேரமும் ஓய்வு நேரமும். நூறாண்டு நெருங்கும் இந்தச் சிக்கலை ரயில்வே இன்னமும் தொழிலாளர் கோரிக்கை என்ற கோப்பில்தான் வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பாதுகாப்பு என்ற கோப்பில் வைக்க வேண்டும், சிக்னலையும் பாலத்தையும் தணிக்கை செய்வதுபோல ஓய்வையும் வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் எட்டு மணி நேர வேலைநாளை வகுத்தபோதே, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி நேரம் என்று விலக்குக் கொடுத்தது. அதையொட்டி 1930-இல் ரயில்வே சட்டம் திருத்தப்பட்டது. தொடர்ச்சியாக வேலை செய்பவருக்கு வாரம் 60 மணி நேரம்; விட்டுவிட்டு வேலை வரும் இடத்தில் இருப்பவருக்கு 84 மணி நேரம். பிறகு நீதிபதி ராஜாத்யக்ஷாவின் 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவற்றை 54, 75 என்று குறைத்தது. கடும் உழைப்பு உள்ள பணிகளுக்கு 45 என்றது. நாடு விடுதலை பெற்ற ஆண்டின் எண்கள் அவை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: 132-ஆம் பிரிவில் அதே 45, அதே 54, அதே 75. நடைமுறை விதிகளில் 48 மணி நேரம் என்று பின்னர் குறைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் உச்சவரம்பு, நீராவி இன்ஜின் ஓடிய காலத்தில் போட்ட கோட்டைவிட்டு நகரவில்லை.

அதைவிட விசித்திரமானது ஓட்டுநர்களின் வார ஓய்வு. தொடர்ச்சியாக வேலை செய்யும் மற்ற ஊழியர்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு உண்டு என்று சொல்லும் அதே சட்டம், ரயிலோடு ஓடுபவர்களுக்கு மாதத்துக்கு நான்கு முறை 30 மணி நேரம் அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் கொடுத்தால் போதும் என்கிறது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஓட்டிவிட்டுத் தலைமையிடம் திரும்பியவருக்கு எப்படியும் 16 மணி நேர ஓய்வு உண்டு. அது தினசரி ஓய்வு. இப்போது கணக்குப் போடுங்கள். இரவெல்லாம் சரக்கு வண்டி ஓட்டிவிட்டு ஒருவர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு 'சைன் ஆஃப்' செய்கிறார். தினசரி ஓய்வே அன்று இரவு பத்து மணி வரை இருக்கிறது. 30 மணி நேர வார ஓய்வு ஞாயிறு நண்பகலில் முடிகிறது. ஆக, 'வார விடுமுறை' என்ற பெயரில் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது 14 மணி நேரம். 22 மணி நேரக் கணக்கை எடுத்தால் கூடுதல் வெறும் ஆறு மணி நேரம். இதனால்தான் லோகோ பைலட்டுகள் 16-ஐயும் 30-ஐயும் தனித்தனியாகக் கூட்டி 46 மணி நேரம் கேட்கிறார்கள். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து தெற்கு ரயில்வேயில் பலர் அந்த 46 மணி நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்தவை இடைநீக்கமும் இடமாற்றமும்.

இந்த 46 மணி நேரம் பேராசை என்று நினைப்பவர்கள் ஆகாயத்தைப் பார்க்கலாம். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பரில் வந்ததும், போதிய விமானிகளை வைத்துக்கொள்ளாத ஒரு பெரிய நிறுவனம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் விமான நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். 'பார்த்தீர்களா, ஓய்வு கொடுத்தால் இதுதான் நடக்கும்' என்று சிலர் பாடம் சொன்னார்கள். அதிலிருந்து நான் எடுக்கும் பாடம் வேறு. களைத்த மனிதர்களின் உழைப்பால் அதுவரை மூடி மறைக்கப்பட்டிருந்த ஆள் குறைவு, ஓய்வு கட்டாயமானதும் வெளியே தெரிந்தது. இருநூறு பேரைச் சுமக்கும் விமானத்தின் பைலட்டுக்கு 48 மணி நேரம் தேவை என்று ஒப்புக்கொள்ளும் அரசு, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழுத்துச் செல்லும் லோகோ பைலட்டுக்கு 46 கேட்டால் தண்டிப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

'அந்தக் காலத்தில் கரி அள்ளிப் போட்டார்கள், இப்போது பட்டனைத் தட்டுகிறார்கள்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நீராவி இன்ஜினில் டிரைவரோடு இரண்டு ஃபயர்மேன்கள் வேலை செய்தார்கள். முன்னால் அனல், பக்கவாட்டில் மழையும் பனியும். டிரைவரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போக 'கால் பாய்' வருவார். அந்த உடலுழைப்பு இன்று இல்லை. ஆனால் வேலை குறைந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்றைய கேபினுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்க ஒரு கருவி இருக்கிறது. ஒரு நிமிடம் வரை அவர் எந்தக் கைப்பிடியையும் தொடவில்லை என்றால் விளக்கு எரியும். எட்டு விநாடிக்குள் பட்டனை அழுத்தாவிட்டால் பஸர் அலறும். இன்னும் எட்டு விநாடி தாண்டினால் பிரேக் தானாக விழுந்து வண்டி நிற்கும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒவ்வொரு சிக்னலையும் உதவியாளர் கையை உயர்த்தி உரக்கச் சொல்ல, ஓட்டுநர் திருப்பிச் சொல்ல வேண்டும். மணிக்கு 110, 130 கிலோமீட்டர் வேகத்தில் சிக்னல்கள் அடுத்தடுத்து வரும் தடத்தில் விடிய விடிய இது நடக்கிறது. மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள். களைப்பு தோளை விட்டுக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியிருக்கிறது. அரைத் தூக்கத்தில் கரி அள்ளிவிடலாம். அரைத் தூக்கத்தில் இரட்டை மஞ்சள் சிக்னலைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

கழிவறை விஷயத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்றும் பெரும்பாலான இன்ஜின்களில் கழிவறை கிடையாது. சுரேகா யாதவ் 1980-களில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து இந்த வேலைக்குள் பெண்களுக்கு வழி திறந்து நாற்பது ஆண்டுகள் நெருங்கிய பிறகும் இதுதான் நிலை. சாப்பிடவும் இயற்கை உபாதைக்கும் இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய்ந்துவிட்டு, அதை விதியாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2025-இல் ரயில்வே வாரியம் கைவிரித்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தைச் சட்டமாக்கிவைத்திருக்கும் நாட்டில், அரசின் மிகப்பெரிய துறை ஒன்று தன் ஊழியரிடம் ஒன்பது மணி நேரம் அடக்கிக்கொள்ளச் சொல்கிறது.

ஓய்வுக்கான இந்தப் போராட்டம் நேற்று முளைத்ததல்ல. நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பு செய்ய முனைந்த தென்னிந்திய ரயில்வே நிர்வாகத்துக்கு எதிராக 1928-இல் நடந்த வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் சிறப்புப் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓட்டுநர்களின் 1973-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டவைக்க மாட்டோம் என்ற வாக்குறுதியே கிடைத்தது. மறு ஆண்டு மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் இருபது நாள் நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று எட்டு மணி நேர வேலை. கைது, வேலைநீக்கம், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றுவது என்று அரசு அதை நசுக்கியது. அன்று கேட்ட போனஸ் 1979-இல் வந்தது. எட்டு மணி நேரம் ஓட்டுநருக்கு இன்றும் வரவில்லை. ஒன்பது மணி நேரம், முன்னறிவிப்புக் கொடுத்தால் பதினொன்று என்பதே இப்போதைய விதி.

இதற்கு ரயில்வே அமைச்சகம் வைத்திருக்கும் பதிலை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூம்கள் 558. ஏறத்தாழ எல்லாமே இன்று குளிரூட்டப்பட்டவை. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கேபின்களில் ஏசி பொருத்தப்பட்டிருக்கிறது. பத்தாண்டுக்கு முன் இந்த இரண்டும் அநேகமாக இல்லை. கொதிக்கும் கேபினில் வேலை செய்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல, பாராட்டத்தான் வேண்டும். மூன்றாவதாக அமைச்சகம் சொல்வது, ஓட்டுநர்களின் சராசரி வேலை நேரம் எட்டு மணிக்கும் குறைவு என்பது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சராசரி சரியாகவே இருக்கலாம். ஐந்து மணி நேரத்தில் முடியும் பயணிகள் ரயிலையும் பதின்மூன்று மணி நேரம் லூப் லைன்களில் காத்துக் கிடந்து வரும் சரக்கு ரயிலையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்பது வரும். ஆனால் விபத்து சராசரி ஓட்டுநருக்கு நடப்பதில்லை. அந்தப் பதின்மூன்றாவது மணி நேரத்தில் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு நடக்கிறது. தொடர்ந்து எத்தனை இரவு ஓட்டினார், வீட்டை விட்டுப் போய் எத்தனை மணி நேரம் ஆனது என்பதைச் சராசரி சொல்லாது. இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம், 36 மணி நேரத்துக்குள் தலைமையிடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று ஓட்டுநர்கள் கேட்பதன் காரணம் இதுதான். இப்போது வெளியூரில் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட வரம்பு 72 மணி நேரம்.

ஓட்டுநருக்காவது சங்கமும் பெயரும் இருக்கின்றன. தண்டவாளத்தில் நடப்பவரை யாருக்கும் தெரியாது. ஸ்பானர், சுத்தியல், சிவப்புப் பச்சைக் கொடிகள், ஆபத்தில் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டும் டெட்டனேட்டர் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு கீமேன் தன் எல்லைக்குள் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்துவைக்கும் இரும்புக் கிளிப் ஒன்று தளர்ந்திருந்தாலும் குனிந்து அடித்து ஏற்ற வேண்டும். இரட்டைப் பாதையில், பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியின் இரைச்சலில் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது. அப்படித்தான் பலர் அடிபடுகிறார்கள். ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012-இல் கொடுத்த அறிக்கையில் உள்ள ஒரு ஒப்பீடு தலைப்புச் செய்தியாகியிருக்க வேண்டும்: 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை ரயில் விபத்துகளில் இறந்த பயணிகளும் மற்றவர்களும் ஆயிரத்தை ஒட்டி, அதே காலத்தில் பணியில் இறந்த ரயில்வே ஊழியர்கள் ஏறத்தாழ 1,600, காயமடைந்தவர்கள் 8,700. வண்டி நெருங்குவதை முன்கூட்டியே எச்சரிக்கும் 'ரக்ஷக்' என்ற சிறு கருவி இருக்கிறது. பளபளக்கும் புது ரயிலுக்குக் கொடியசைக்கும் வேகம் அந்தக் கருவியை ஒவ்வொரு கீமேனின் கையிலும் சேர்ப்பதில் இல்லை.

லெவல் கிராஸிங்குக்கு வருவோம். 'விட்டுவிட்டு வரும் வேலை' என்ற 1930-ஆம் ஆண்டு வகைப்பாடு இன்றும் உயிரோடு இருப்பது இங்கேதான். வாரம் 48 மணி நேரத்தோடு மேலும் 24 சேர்த்து, 72 மணி நேரம் வரை சில கேட்களில் ஆளை உட்காரவைக்க விதி இடம் கொடுக்கிறது. அதாவது ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ரயில் வராத நேரத்தில் அவருக்கு வேலை இல்லை என்பது இதன் தர்க்கம். வேலை இல்லாத நேரத்திலும் போன் மணியைக் கேட்க விழித்திருக்க வேண்டும் என்பது கணக்கில் வருவதில்லை. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட்கீப்பர் உடனே இடைநீக்கம் செய்யப்பட்டு, கைதும் ஆனார். அவருடைய தவறு எவ்வளவு என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த கேட், சிக்னலோடு இன்டர்லாக் செய்யப்படாதது. கேட் மூடாவிட்டால் ரயிலுக்குப் பச்சை விழாது என்ற ஏற்பாடு அங்கே இருந்திருந்தால், ஒரு மனிதரின் தவறு மூன்று உயிரைக் குடித்திருக்காது. விபத்துக்குப் பிறகுதான், எவ்வளவு போக்குவரத்து உள்ள கேட்களை இன்டர்லாக் செய்ய வேண்டும் என்ற வரம்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. 1956-இல் அரியலூரில் வெள்ளம் பாலத்தை அரித்து ரயில் ஆற்றில் விழுந்தபோது பதவி விலகியவர் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. இன்று பொறுப்பு கீழ்மட்ட ஊழியரோடு நின்றுவிடுகிறது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நூறு ரூபாய் வருமானத்துக்கு ஏறத்தாழ 98 ரூபாய் செலவழிக்கும் நிறுவனம் ரயில்வே. அதில் பெரும்பங்கு சம்பளமும் ஓய்வூதியமும். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990-91-இல் ரயில்வேயில் பதினாறரை லட்சம் பேர் வேலை செய்தார்கள். இன்று சுமார் பன்னிரண்டு லட்சம். இந்த இடைவெளியில் சரக்குப் போக்குவரத்து நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்து, ஆண்டுக்கு 150 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கணினியும் மின்மயமும் இதில் ஒரு பகுதியைச் சாத்தியமாக்கின. துப்புரவு போன்ற வேலைகள் குறைந்த கூலிக்கு ஒப்பந்தத் தொழிலாளர் தலையில் ஏறின. மீதி, இருப்பவர்களின் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் நடுவில் காலியாக இருந்த இடங்கள் இரண்டேமுக்கால் லட்சத்தை ஒட்டி, அவற்றில் 1.7 லட்சத்துக்கு மேல் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவை. நிரப்பாத இடங்களால் மிச்சமாகும் சம்பளத்தைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. ரயில்கள் மோதாமல் தானாகத் தடுக்கும் 'கவச்' வந்துவிட்டால் மனிதத் தவறே இருக்காது என்பது இன்னொரு சமாதானம். நல்ல கருவிதான், விரைவாக வரட்டும். 68,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையில் 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அது பொருத்தப்பட்டிருந்தது 1,465 கிலோமீட்டரில். பெரும்பாலான பாதையில் இன்றிரவும் வண்டிகள் மனிதரின் கண்ணை நம்பித்தான் ஓடும். கவச் வந்த பிறகும் தளர்ந்த கிளிப்பை அது அடித்து ஏற்றாது.

புதிதாக எந்த ஆணையமும் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டுநரும் எத்தனை மணிக்கு 'சைன் ஆன்' செய்தார், எப்போது இறங்கினார், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார், தொடர்ந்து எத்தனை இரவு ஓட்டினார் என்பது எல்லாம் ரயில்வேயின் கணினியில் ஏற்கெனவே பதிவாகிறது. அந்தப் பதிவிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டு, கோட்டம் வாரியாக, மாதாமாதம் வெளியிடலாம். சராசரியை அல்ல, பதினொரு மணி நேரத்தைத் தாண்டியவை எத்தனை, வார ஓய்வு தவறியவை எத்தனை, 72 மணி நேரம் வெளியூரில் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்ற மீறல்களின் எண்ணிக்கையை. அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் ஆராயும் அதிகாரத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையரிடம் கொடுக்கலாம். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர் என்பது இங்கே வசதி. 22 மணி நேர ஓய்வு போதும் என்ற வாசகத்தையும் 75 மணி நேர வாரத்தையும் ரயில்வே சட்டத்திலிருந்து நீக்க ஒரு திருத்தம் போதும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் தங்கள் தொகுதிக்குப் புது ரயிலும் கூடுதல் நிறுத்தமும் கேட்டு அமைச்சரைச் சந்திக்கும் வழக்கம் உள்ளவர்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவர்களில் ஒருவராவது எழுந்து, தெற்கு ரயில்வேயின் ஆறு கோட்டங்களிலும் கடந்த ஓராண்டில் எத்தனை முறை பதினொரு மணி நேர வரம்பு மீறப்பட்டது என்று கேட்கட்டும்.